குடலில் பட்ட காயமும் அம்மாவின் உப்பில்லாச் சோறும்

நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள், வயிற்றுச் சத்திரசிகிச்சை செய்யும் டொக்டரான எனக்கு எழுதியிருக்கிறார். வயது 24. நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். கடிதம் ஒன்பது பக்கம். பெயர், தோட்டம், வைத்தியசாலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 47 வயது, கொழுந்து எடுப்பவர். இரண்டு பிள்ளைகளும் சிசேரியனில் பிறந்தவர்கள். கர்ப்பப்பையில் கட்டிகள் வந்து மாதாமாதம் இரத்தம் அதிகமாகப் போனதால், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். முதல் நாள் நன்றாக இருந்தவருக்கு இரண்டாம் நாள் இரவு வயிறு ஊதி, தாங்க முடியாத வலி. வார்ட்டில் சொன்னபோது வாயு என்று சொல்லி வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காய்ச்சலும் வாந்தியும். நான்காம் நாள் காலையில் ஸ்கேன் எடுத்து, அன்று மதியமே மறுபடி வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஓட்டை, வயிறு முழுக்க அழுக்கு. பழுதான துண்டை வெட்டியெடுத்துவிட்டு, குடலை வலது பக்கமாக வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை மாட்டியிருக்கிறார்கள். 22 நாட்கள் வைத்தியசாலையில். வீட்டுக்கு வந்து ஐந்து கிழமை. மூன்று மாதம் கழித்து வரச்சொல்லி கிளினிக் திகதி கொடுத்திருக்கிறார்கள்.

மகள் கேட்பவை இவை. இது டொக்டர் செய்த தவறா? பை வாழ்நாள் முழுக்கவா? தெரிந்த ஒருவர் மூலம் ஒரு தனியார் வைத்தியசாலையில் எட்டு லட்சம் கொடுத்தால் இரண்டு கிழமைக்குள் மூடித் தருவார்கள் என்கிறார்கள், அப்பா நகைகளை அடகு வைக்கப் பார்க்கிறார், போகலாமா? சிங்களத்தில் இருந்த ஒரு தாளில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி எதுவும் கேட்க முடியாதா? கேட்டால் அடுத்த கிளினிக்கில் பழிவாங்குவார்களா? அம்மா திரும்ப மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கலாமா? கடைசியாக, அம்மா தானே கேட்கச் சொன்ன ஒரு கேள்வியும் இருக்கிறது.

மகள், உங்கள் கடிதத்தின் முதல் நான்கு பக்கமும் தவறு யாருடையது என்பதைப் பற்றியே இருக்கிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, அதற்கும் வருகிறேன். ஆனால் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது ஏழாம் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் மூன்று வரிதான். "அம்மாவுக்கு பிரஷர் இருப்பதால் உப்புப் போடாமல்தான் சமைக்கிறோம். தாகம் என்று நாள் முழுக்கப் பச்சைத் தண்ணியும் தேத்தண்ணியும் குடிக்கிறார். பை தண்ணியாகவே நிறைகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, எழும்பினால் தலை சுற்றுகிறது." நீங்கள் கேள்வியாகக் கேட்காதது இது. நான் முதலில் பதில் சொல்வதும் இதற்குத்தான். மற்றதெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கலாம். இது இந்தக் கிழமையைத் தாண்டக் கூடாது.

முதலில் உப்பு

சாதாரணமாக நம் சிறுகுடலிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் வரை தண்ணீர் பெருங்குடலுக்குப் போகிறது. பெருங்குடல் அதிலுள்ள தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். அம்மாவின் குடல் பெருங்குடலுக்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டது. அதனால் அந்தத் தண்ணீர் அப்படியே பையில் விழுகிறது. அது வெறும் தண்ணீரல்ல. பையில் போகும் ஒவ்வொரு லீற்றரோடும் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு போகிறது. ஒரு பக்கம் அவ்வளவு உப்பு வடிந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் நீங்கள் உப்பில்லாச் சோறு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்பினால் செய்ததுதான். பிரஷர் கிளினிக்கில் சொன்னதைத்தான் கடைப்பிடித்தீர்கள். ஆனால் அந்த அறிவுரை பை இல்லாத அம்மாவுக்குச் சொன்னது.

பச்சைத் தண்ணீரும் பிளேன்டீயும் ஏன் உதவவில்லை என்றும் சொல்கிறேன். இப்படி நிறைய வடியும்போது உப்பில்லாத தண்ணீரைக் குடித்தால், சிறுகுடல் இரத்தத்திலிருந்து உப்பை இழுத்து அந்தத் தண்ணீரோடு கலந்து வெளியே தள்ளிவிடும். குடிக்கக் குடிக்கப் பை நிறையும், தாகமும் கூடும். அம்மாவுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். இடையில் இரண்டு நாள் "பை நிறையாமல் இருக்கட்டும்" என்று குடிப்பதையே நிறுத்திப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது இன்னும் ஆபத்து. சிறுநீரகம் அப்படித்தான் பழுதாகும்.

செய்ய வேண்டியது இது. பார்மசியிலோ தோட்ட டிஸ்பென்சரியிலோ ஜீவனி பக்கெட் (உப்பும் சர்க்கரையும் கலந்த தூள்) வாங்குங்கள். கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றருக்கு ஒரு பக்கெட், அளவு பிசகாமல். ஒரு நாளைக்கு ஒரு லீற்றரைக் கொஞ்சம் கொஞ்சமாக, மடக்கு மடக்காகக் குடிக்கட்டும். பச்சைத் தண்ணீர், தேத்தண்ணி, சோடா எல்லாம் சேர்த்து ஒரு லீற்றருக்குள் நிற்கட்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் அரை மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். சோற்றுக்கும் கறிக்கும் உப்புப் போடுங்கள். நெத்தலிக் கருவாடு இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

சரி, பிரஷர்? அம்மா லொசார்ட்டன் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். எழும்பினால் தலை சுற்றுகிறது என்பதே பிரஷர் இறங்கியிருக்கலாம் என்பதன் அடையாளம். நாளைக்கே டிஸ்பென்சரியில் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் இந்தக் கிழமைக்குள் ஒரு டொக்டர் அதைப் பார்த்து முடிவு சொல்லியாக வேண்டும். மூன்று மாதத் திகதிக்குக் காத்திருக்காதீர்கள். வைத்தியசாலையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த டயக்னோசிஸ் காட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆதார வைத்தியசாலைக்குப் போய், சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் சிறுநீரில் சோடியமும் பார்க்கட்டும். உப்பு வற்றியிருந்தால் அது மிகக் குறைவாக வரும், இரத்தத்தில் தெரிவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும். கால் பிடித்து இழுப்பது மக்னீசியம் குறைந்ததாலும் இருக்கலாம். வடிவதைக் குறைக்க லோப்பரமைட் என்ற மாத்திரை இருக்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் குடிப்பது. கிருமித் தொற்று இல்லை என்று பார்த்துவிட்டு டொக்டர் அதை எழுதித் தருவார்.

இன்றிலிருந்து ஒரு கொப்பி வையுங்கள். ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டி, பக்கத்தில் நூறு மில்லி லீற்றருக்கு ஒரு கோடு போடுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் அதில் ஊற்றி அளந்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு 500 முதல் 800 மில்லி லீற்றர் வரை, கஞ்சிப் பதத்தில் போனால் பயமில்லை. ஒன்றரை லீற்றரைத் தாண்டுவது அதிகம். சிறுநீர் எத்தனை தடவை, என்ன நிறம் என்பதையும் எழுதுங்கள். இந்தக் கொப்பியைக் கிளினிக்கில் காட்டினால், "தண்ணியாப் போகுது டொக்டர்" என்று சொல்வதை விட நூறு மடங்கு பயன்.

பின்வருவதில் எது நடந்தாலும் நாள் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள்: ஒரு நாளில் இரண்டு லீற்றருக்கு மேல் வடிதல், அரை நாளாகச் சிறுநீரே போகாமை, பேச்சுத் தடுமாறுதல், மயக்கம், காய்ச்சலோடு வயிற்று வலி, பையில் எதுவும் வராமல் வயிறு ஊதி வாந்தி எடுத்தல், வெளியே தெரியும் குடல் சிவப்பு நிறம் மாறிக் கறுத்துப்போதல்.

பையைச் சுற்றித் தோல் வெந்ததுபோல் சிவந்திருக்கிறது, பை ஒட்டாமல் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டு ஆயா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பூசாதீர்கள். எண்ணெய் பட்ட தோலில் பை எப்படி ஒட்டும்? வெறும் தண்ணீரால் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி உலரவிட்டால் போதும். டெட்டோலும் வேண்டாம். உண்மையான காரணம் அனேகமாக வேறு. ஒபரேஷன் முடிந்த முதல் ஆறு, எட்டுக் கிழமையில் வெளியே வந்த குடல் வீக்கம் வற்றிச் சிறுத்துவிடும். நீங்கள் இன்னும் வார்ட்டில் மிஸ்ஸி காட்டிக்கொடுத்த அளவிலேயே பையின் ஓட்டையை வெட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த இடைவெளியில் குடல்நீர் தோலில் பட்டு அரிக்கிறது. ஒரு காகிதத்தில் குடலின் வட்டத்தை மறுபடி அளந்து, அதைவிட இரண்டு, மூன்று மில்லி மீற்றர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள்.

இது தவறா?

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். "கர்ப்பப்பையை எடுக்கப் போய்க் குடலை வெட்டினால் அது தவறில்லாமல் வேறென்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் நானே ஒரு பெண்ணின் வயிற்றைத் திறக்கும்போது குடலைக் கீறினேன். அவருக்கும் முன்பு இரண்டு சிசேரியன். பழைய தழும்பின் அடியிலேயே குடலின் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. தோலைத் தாண்டி உள்ளே போன இரண்டாவது நிமிடத்தில், கத்தியின் நுனியில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு துளி எழும்பியது. அந்தத் துளியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அரை அங்குலக் கீறல். அங்கேயே தைத்தோம், குடல் முழுவதையும் ஓர் அடி விடாமல் கையால் ஓட்டிப் பார்த்தோம், கழுவினோம். மறுநாள் அவருடைய கட்டிலருகே போய் நடந்ததைச் சொன்னேன். கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இப்ப ஓட்டை இல்லதானே சேர்?" எட்டாம் நாள் அவர் வீட்டுக்குப் போனார்.

எனக்காக வாதாட இதைச் சொல்லவில்லை. கர்ப்பப்பை எடுக்கும் சத்திரசிகிச்சையில் குடலில் காயம் படுவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. முன்பு வயிறு திறந்தவர்களுக்கு அது கூடும். கவனமான கையிலும் நேரும். ஆகவே ஓட்டை விழுந்தது என்பதை மட்டும் வைத்து யாரும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அதனால் கேள்வி முடிந்துவிடுவதும் இல்லை, மகள். உங்கள் உறவினர்கள் எல்லாரும் ஒபரேஷன் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்ப்பது இரண்டாம் நாள் இரவிலிருந்து நான்காம் நாள் காலை வரையுள்ள நேரத்தை.

குடல் காயம் இரண்டு விதம். ஒன்று வெட்டு. அது பெரும்பாலும் அங்கேயே தெரியும், தைத்துவிடலாம். மற்றது சூடு. இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் மின்கருவியின் வெப்பம் பக்கத்திலிருக்கும் குடலில் பட்டால், அந்த நேரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் இருக்கும். சில வேளை அதுவும் இராது. அந்த இடம் மெல்லச் செத்து, சில நாள் கழித்து, சிலருக்கு ஒரு கிழமைக்குப் பிறகும், ஓட்டையாகும். அம்மாவுக்கு எது நடந்தது என்பது இரண்டாவது ஒபரேஷனின் குறிப்பில் இருக்கும். குடலில் நேரான வெட்டா, விளிம்பு கருகிய ஓட்டையா என்று எழுதியிருப்பார்கள். சூட்டுக் காயமென்றால் முதல் நாள் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

ஆனால் ஓட்டை விழுந்த பிறகு உடம்பு சும்மா இருக்காது. முதலில் எழும்புவது நாடி. காய்ச்சல் வருவதற்கு முன்பே, வயிறு கல்லாக இறுகுவதற்கு முன்பே, நாடித்துடிப்பு நூறைத் தாண்டி அங்கேயே நிற்கும். ஒபரேஷன் செய்தவர் நாளுக்கு நாள் தேற வேண்டும். இரண்டாம் நாள் முதல் நாளை விட மோசமென்றால், வேறு காரணம் உறுதியாகும் வரை வயிற்றுக்குள் ஏதோ கசிகிறது என்றுதான் நினைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், நானும் சொல்லிக்கொடுக்கிறேன். வாயு என்று நினைப்பது பாவமில்லை, ஒபரேஷனுக்குப் பிறகு பலருக்கு வயிறு ஊதத்தான் செய்யும். அப்படி நினைத்தபின் மறுபடி வந்து பார்த்தார்களா, நாடி என்ன இருந்தது, டொக்டருக்கு அறிவித்தார்களா என்பதுதான் கேள்வி. அம்மா தன் வலியைப் பாதிச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார், "வேற மாதிரி வலி" என்று சொல்லத் தெரியாமல் கையைக் காட்டியிருக்கிறார். நம் வார்ட்டுகளில் இது எத்தனை தடவை நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த இரவில் தமிழ் தெரிந்த ஒருவர் கட்டிலருகே நின்றிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்குமோ என்று நானும் யோசிக்கிறேன். பதில் பெட்ஹெட் டிக்கட்டில், அதாவது வார்ட்டில் அம்மாவைப் பற்றி எழுதிவைத்த குறிப்பேட்டில் இருக்கும்.

கையெழுத்தும் கேள்வி கேட்கும் உரிமையும்

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டால் எல்லா உரிமையும் போய்விடும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியில்லை. அந்தக் கையெழுத்து, விளக்கிச் சொன்ன சிகிச்சைக்குச் சம்மதம். கவனக்குறைவுக்குச் சம்மதமாகாது. அதோடு சம்மதம் என்பது விளங்கிக்கொண்டு கொடுப்பது. இரண்டு சிசேரியன் ஆனவருக்குக் குடலிலோ சிறுநீர்ப்பையிலோ காயம் படலாம் என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லியிருக்க வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான்.

முதல் படியாக வைத்தியசாலைப் பணிப்பாளருக்குத் தமிழிலேயே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். குற்றச்சாட்டாக வேண்டாம். "என்ன நடந்தது என்று சத்திரசிகிச்சை நிபுணர் எங்களுக்கு விளக்க வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும்" என்று கேளுங்கள். நேரே கேட்டுத் தெளிவான பதில் கிடைத்ததும் பாதிப் பாரம் இறங்கிப்போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பதில் வராவிட்டாலோ, திருப்தி இல்லாவிட்டாலோ, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெட்ஹெட் டிக்கட்டின் பிரதி, இரண்டு ஒபரேஷன் குறிப்புகள், நாடி பிரஷர் எழுதும் அட்டை ஆகியவற்றைக் கேட்கலாம். விண்ணப்பம் அம்மாவின் பெயரில், அம்மாவின் கையொப்பத்தோடு போகட்டும். அவருடைய உடம்பைப் பற்றிய தகவல் அது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்ல வேண்டும்.

அதற்கு மேலே போவதென்றால், தொழில் ஒழுக்கம் பற்றிய முறைப்பாட்டை இலங்கை மருத்துவ சபை ஏற்கும். அது நட்டஈடு வாங்கித் தராது. நட்டஈட்டுக்கு சிவில் வழக்கு. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதால் முதல் ஒபரேஷன் நாளிலிருந்தே எண்ணி வையுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். வழக்கில் கவனக்குறைவைக் காட்டினால் போதாது, அந்தக் கவனக்குறைவால்தான் இந்தக் கெடுதி வந்தது என்றும் நிறுவ வேண்டும். 2001 இல் நமது உச்ச நீதிமன்றம் தீர்த்த, பலரும் அறிந்த ஒரு வைத்தியக் கவனக்குறைவு வழக்கு இந்த இரண்டாவது படியில்தான் விழுந்தது. உங்கள் விடயத்தில், ஒரு நாள் முந்தித் திறந்திருந்தால் பை இல்லாமல் முடிந்திருக்குமா என்று ஒரு நிபுணர் சொல்ல வேண்டிவரும். குறிப்புகளைப் பார்க்காமல் நானும் அதைச் சொல்ல மாட்டேன்.

பழிவாங்குவார்களா என்ற பயம்? கேள்வி கேட்டதற்காகச் சிகிச்சையை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த வார்ட்டுக்கே போக மனம் வராவிட்டால், கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ மாற்றிக் கேட்கலாம். செலவில்லை, பஸ் காசுதான்.

பையை எப்போது மூடுவது

பை வாழ்நாளுக்கு அல்ல என்றுதான் டயக்னோசிஸ் காட்டைப் பார்த்தால் தெரிகிறது. நீங்கள் அனுப்பிய பிரதியில் குடலின் இரண்டு முனைகளையும் வெளியே எடுத்து வைத்ததாக எழுதியிருக்கிறது. திரும்ப இணைக்கும் எண்ணத்தோடுதான் அப்படிச் செய்வார்கள். புற்றுநோய்க்காரருக்குத்தான் பை போடுவார்கள் என்று லயத்தில் பேசுகிறார்களாம். அம்மாவுக்குப் புற்றுநோய் இல்லை. அழுக்குப் பரவிய வயிற்றில் குடலை உடனே தைத்தால் தையல் விட்டுப்போகும் என்பதால் போட்ட பை அது. அவருடைய உயிரைக் காத்தது அந்தப் பைதான்.

இப்போது எட்டுக் கிழமை. மூன்று மாதம் கழித்து வரச்சொன்னதைத் தட்டிக்கழித்ததாக நினைக்கிறீர்கள். இல்லை, சரியான முடிவு. வயிற்றுக்குள் சீழும் அழுக்கும் பரவினால், குடல் வளையங்கள் ஒன்றோடொன்று பலாப்பிசின் பட்ட துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று மாதங்களில் அந்த ஒட்டு மிகவும் இறுக்கம், தொட்ட இடமெல்லாம் இரத்தம் வரும். அந்த நேரத்தில் பிரிக்கப் போனால் இன்னொரு ஓட்டை விழும். அப்படி விழுந்த ஓட்டை தோல் வழியாக மாதக் கணக்கில் வடிந்துகொண்டிருந்த நோயாளிகளை நான் பராமரித்திருக்கிறேன். காலம் போகப் போக ஒட்டு இளகும். இவ்வளவு அழுக்கு இருந்த வயிற்றுக்கு மூன்று முதல் ஆறு மாதம் காத்திருப்பதே வழமை.

ஆகவே அந்த எட்டு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், நகைகள் பெட்டியிலேயே இருக்கட்டும். பணம் கொடுத்தால் ஒட்டு சீக்கிரம் இளகாது. அம்மாவை நேரில் பார்க்காமலே இரண்டு கிழமையில் மூடித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னாரென்றால், அதுவே அங்கே போகாமலிருக்கப் போதும். இரண்டாவது கருத்து வேண்டுமானால் குடல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைச் செனல் பண்ணிப் பாருங்கள். ஒரு முறை கட்டணம், அவ்வளவுதான். அவரும் காத்திருங்கள் என்றே சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

காத்திருக்கும் மாதங்கள் வீணாகப் போகக் கூடாது. அம்மா 52 கிலோவிலிருந்து 41 கிலோவுக்கு இறங்கியிருக்கிறார். இந்த உடம்போடு தைத்தால் தையல் பிடிக்காது. தினமும் இரண்டு முட்டை, மீன், பருப்பு, சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம். மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். நார் நாரான பலாக்காய், சோளம், காளான், தேங்காய்ச் சொட்டு இப்போதைக்கு வேண்டாம், வெளியே இருக்கும் குடலின் வாயில் அடைத்துக்கொள்ளும். மூடுவதற்கு முன்னால் மருந்து ஊற்றி எக்ஸ்ரே எடுத்து, கீழ்க்குடலில் அடைப்போ கசிவோ இல்லையா என்று பார்ப்பார்கள். அதைச் செய்வார்களா என்று நீங்களே கேளுங்கள். மூடும் ஒபரேஷனும் சின்ன விடயமல்ல. நூற்றில் சிலருக்கு மறுபடி கசியும், சிலருக்குக் குடல் சில நாள் அசையாமல் நிற்கும். இந்தத் தடவை அம்மாவோடு தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் இரவிலும் இருக்கும்படி இப்போதே வார்ட்டில் பேசி ஒழுங்கு செய்யுங்கள்.

வேலை? பை இருக்கும்வரை மலை வேண்டாம். தலையில் கயிறு போட்டுக் கொழுந்துக்கூடையைச் சுமந்து சரிவில் ஏறினால் வயிற்றுத் தசை விலகி, பைக்குப் பக்கத்தில் குடல் பிதுங்கும். மூடிய பிறகும் குறைந்தது மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. அதற்குப் பிறகு பெரும்பாலானோர் பழைய வேலைக்குத் திரும்புகிறார்கள். இலேசான வேலைக்கு கிளினிக்கில் ஒரு கடிதம் வாங்கித் தோட்ட அலுவலகத்தில் கொடுங்கள். அம்மாவுக்குப் பேர் விழாத, அதாவது நாட்சம்பளம் வராத மாதங்கள் வீட்டுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பை வாங்கும் செலவை கிளினிக்கில் சொல்லுங்கள், இருப்பில் இருந்தால் தருவார்கள். சனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள்.

அம்மா கேட்டது

கடிதத்தின் கடைசியில், வேறு பேனாவில், "அம்மா கேக்கச் சொன்னாங்க" என்று ஒரு வரி: அடுத்த மாதம் மாரியம்மன் கோயில் திருவிழா, இந்தப் பையோடு போகலாமா, தீட்டா? பீலியில் மற்றப் பெண்கள் பார்க்கிறார்கள் என்று இருட்டிய பிறகுதான் குளிக்கப் போகிறார் என்றும் அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அக்கா, உங்கள் வயிற்றில் இருப்பது எல்லார் வயிற்றிலும் இருக்கிற அதே குடல்தான். வாசல் மட்டும் கொஞ்ச நாளைக்கு இடம் மாறியிருக்கிறது. பகலிலேயே குளியுங்கள், பையில் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. திருவிழாவுக்குப் போங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பையை வெறுமையாக்கிக்கொள்ளுங்கள், சேலைக் கொசுவத்தைப் பைக்கு மேலே இறுக்காமல் கொஞ்சம் இடது பக்கமாகச் செருகுங்கள். மகளின் பையில் ஒரு மாற்றுப் பையும், ஒரு போத்தல் ஜீவனியும் இருக்கட்டும். தேர் மேட்டில் ஏறும்போது பின்னால் நடக்காதீர்கள், கோயில் வாசலிலேயே உட்கார்ந்து, அது திரும்பி வரும்போது கும்பிடுங்கள்.